நீ எடுத்துக்காட்டுக்கு வைத்த பெயர்

இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் உன் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. அப்போதுதான் மிஷினை விட்டு வெளியே வந்திருந்தது. மைப்பொடி சூடேறிய அந்த வாசனை உனக்குப் பிடிக்கும். எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் மூக்கால் படிக்கிறவள் நீ. நான் இன்று மூக்கைத் திருப்பிக்கொண்டேன்.

கேள்வித்தாள் நகல் எடுக்கத்தான் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் பச்சை அட்டை போட்டு, சுருள் கம்பி கோத்து, உன் புத்தகத்தை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அதைப் புரட்டுவதைப் பார்த்ததும் கடைக்கார அம்மாவுக்கு ஒரே உற்சாகம்.

“நம்ம மேடம் எழுதுன புக்குதாங்க. செமஸ்டரு வந்துட்டா இது ஒண்ணுதான் ஓடுது. இப்ப வெளியூர்லேர்ந்துகூட கேக்கறாங்க. ஃபோன்லயே அனுப்பி வுட்டுடறேன்.”

“யாரு கேக்கறாங்க?”

“யாரைக் கண்டேன் மேடம். படிக்கிற பசங்களாத்தான் இருக்கும்.”

அந்தப் பக்கத்தைத் தேடிப் போனேன். இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரே தாளில் அடித்திருந்ததில் கீழ் ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஆனால் நடுவில், நீ கட்டம் கட்டிப் போட்டிருந்த இடத்தில், என் மகளின் பெயர் பளிச்சென்று இருந்தது. நகல் எடுக்கக் கொண்டுபோன கேள்வித்தாளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. உனக்குத் தெரியாமல் என்னென்னவோ ஆகிவிட்டது. எல்லாவற்றையும் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்தவரைக்கும் நீ ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அந்தத் தனியார் பாலிடெக்னிக்கில் இடம் போதாமல் செராமிக் துறையையும் கம்ப்யூட்டர் துறையையும் ஒரே அறையில் அடைத்ததுதான் நம் சிநேகத்துக்குக் காரணம். என் மேஜையில் களிமண் கட்டி, உடைந்த கோப்பை, மெருகு பூசிப் பார்த்த ஓட்டுத் துண்டு. உன் மேஜையில் தலையணை தலையணையாக இங்கிலீஷ் புத்தகம். சென்னையில் பழைய புத்தகக்காரர் ஒருவர் உனக்கென்று எடுத்து வைத்து ரயில் பார்சலில் அனுப்புவார். வெளிநாட்டு நூலக முத்திரை ஒன்று, கழித்துவிட்டோம் என்று அதன்மேல் இன்னொரு முத்திரை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது, ரகசியத்தைக் கணக்குப் போட்டு எப்படி மறைப்பது, மறைத்ததை எப்படி உடைப்பது என்று ஒவ்வொன்றும் செங்கல் கனம். நடுநடுவே நட்சத்திரம், வெளிச்சம், கிருமி என்று வேறு விஞ்ஞானப் புத்தகங்களும் வரும். அவை உனக்கு மிக்சர் மாதிரி. டீக்கு நடுவே கொறிப்பாய்.

எல்லாவற்றுக்கும் நியூஸ் பேப்பரில் அட்டை போடுவாய். யாருக்கும் இரவல் தரமாட்டாய். எனக்கு மட்டும் தருவாய், தூக்கம் வராத நாளில் உதவும் என்று. “இதெல்லாம் பூட்டைப் பத்தின புக்குன்னு நெனக்காதடி. எல்லாமே மனுஷங்களைப் பத்தினது” என்பாய். எனக்கு அப்போது அது உன் வழக்கமான அலட்டலாகத்தான் பட்டது.

நீ தமிழில் எழுத உட்கார்ந்தது கோபத்தில். நம் பிள்ளைகள் இங்கிலீஷ் புத்தகத்தை அர்த்தம் தெரியாமல் உருப்போட்டு வந்து உன்னிடம் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு உனக்கு அலுத்துவிட்டது. கம்ப்யூட்டர்களை இணைப்பது, அவற்றைப் பத்திரமாக வைப்பது, லேபில் செய்து பார்ப்பது, இவ்வளவும் ஒரே புத்தகத்தில். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் நான் படிக்க வேண்டும் என்பது உன் உத்தரவு. “உனக்குப் புரிஞ்சிட்டா ஊருக்கே புரிஞ்ச மாதிரிடி” என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஆனாலும் படித்தேன். படித்தால் புரியவும் செய்தது. அதற்காக உன்னை இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு எதைச் சொன்னால் கண்ணுக்குத் தெரியும் என்று யோசித்து, எடுத்துக்காட்டுக்கு என் சூளையைத்தான் எடுத்துக்கொண்டாய். சூளையின் சூட்டைக் கம்ப்யூட்டர் அளக்கும்; தூரத்தில் இருக்கும் ஒரு ஃபோனுக்கு அனுப்பும்; அந்த ஃபோன் ஏற்று என்றால் ஏற்றும், இறக்கு என்றால் இறக்கும். அந்தப் புரோகிராமை வரிவரியாக எழுதிக் காட்டியிருந்தாய். உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அன்றைக்கு ஸ்கூல் லீவு என்று நான் என் மகள் கயலைக் கூடவே அழைத்து வந்திருந்தேன். உன் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

“ஏய் கயலு, உன் பேரை எங்க புக்குல போட்டுக்கட்டுமா?”

“போட்டுக்குங்க ஆண்ட்டி. ஆனா பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணும் போடணும்.”

போட்டாய். அவள் பெயர், ஒட்டினாற்போல் ஒன்று இரண்டு மூன்று. இதைவிட மோசமான பாஸ்வேர்டு உலகத்திலேயே இருக்க முடியாது, எடுத்துக்காட்டு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சிரித்தாய். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தாய்: இதை அப்படியே பயன்படுத்தாதீர்கள், உங்களுக்கென்று வேறொன்று வையுங்கள். உன்னிடமிருந்த தடித்தடி இங்கிலீஷ் புத்தகங்களிலும் அந்தக் குறிப்பு அடியில்தான் இருக்கிறது. இப்போது நானே எடுத்துப் பார்த்துவிட்டேன்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. அச்சடித்த பிரதிகள் தீர்ந்ததும் ஜெராக்ஸ் கடைகள் எடுத்துக்கொண்டன. உனக்கு அதில் வருத்தம்கூட இல்லை. படிக்கிறார்களே, போதும் என்றாய்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு நாள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு செராமிக் கம்பெனிக்குப் போனோம். வாஷ்பேசின் சுடுகிற நீளச் சூளை, வருஷக்கணக்காக அணையாமல் எரிகிறது. கேஸில் ஓடுவது. கம்ப்யூட்டர் ஏற்பாடெல்லாம் நம் பழைய மாணவன் தினேஷ் செய்தது. பின் பெஞ்சில் தூங்கி வழிகிற தினேஷ்தான். முதலாளி வெளியூரில் இருந்துகொண்டே ஃபோனில் சூளையை ஆட்டிவைக்கலாம் என்று காட்டினான். எனக்கே பெருமையாக இருந்தது. உனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் உங்க புக்கை வச்சுத்தான் மேடம் போட்டேன். ஒரு வரி மாத்தல.”

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. “ஒரு வரி மாத்தலியா?”

“இல்ல மேடம்.”

“பாஸ்வேர்டு?”

“அதுவும் அப்படியேதான் மேடம் இருக்குது. லேப்புல ஒரு எழுத்து மாறினாக்கூட மார்க்கு போயிடும்னு பழகிப் பழகி, கைக்கு அதுதான் மேடம் வருது.”

“கீழ எழுதியிருந்தேனேப்பா, இதை அப்படியே போடாதீங்கன்னு.”

“கீழயா? எங்க புக்குல அப்படி ஒண்ணும் இல்லியே மேடம்.”

மேஜை இழுப்பறையிலிருந்து அவனுடைய புத்தகத்தை எடுத்துக் காட்டினான். சுருள் கம்பி போட்ட நகல். பக்கத்தின் அடி ஓரம் வெட்டுப்பட்டு, குறிப்பின் முதல் வரியில் பாதி எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. நீ அந்த அரை எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாய். எனக்கு முழுசாகப் புரியவில்லை, உன் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

திரும்பி வந்ததும் ஸ்டாஃப் ரூமில் சொன்னாய். நம் பிள்ளைகள் எங்கெங்கே வேலைக்குப் போனார்களோ அங்கெல்லாம் இந்தப் புரோகிராம் போயிருக்கும். நெல் அரைக்கும் மில், பால் குளிரூட்டுகிற இடம், லாரி எடை மேடை, ஆஸ்பத்திரி. “எழுத்து மாறினா மார்க்கு கொறச்சது நான்தானடி. இப்ப எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவியைப் பத்திரமா கடையில வித்துக்கிட்டிருக்கோம்” என்றாய். கயலின் பெயரை நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நீ ஸ்கூட்டரில் சுற்ற ஆரம்பித்தாய். லீவு நாளில் நானும் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சேத்தியாத்தோப்பு மில் முதலாளியை மறக்க முடியுமா? பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நீ பதமாகத்தான் சொன்னாய். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க மில்லு பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் புக்குல இருக்குதுங்க. யாரு வேணாலும் படிக்கலாம்.”

“எங்க மில்லு பாஸ்வேர்டை நீங்க எதுக்குப் புக்குல போட்டீங்க?”

இதற்கு நீ சொன்ன பதிலெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. வெளியே வந்தபோது அவருடைய ஆள் ஒருவன் உன் ஸ்கூட்டர் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நம் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர் பக்கம் பால் குளிரூட்டும் இடத்தில் இருந்த பையனோ, நீ சொன்னதைத் தட்டாமல் அங்கேயே மாற்றிவிட்டு வந்து, “நாலையும் சேத்துட்டேன் மேடம்” என்றான். நீ தலையில் அடித்துக்கொண்டாய். திரும்புகிற வழியெல்லாம் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பேப்பரில் போட்டுவிடலாம் என்றேன் நான்.

“போட்டா மொதல்ல யாரு படிப்பான்? மில்லு ஓனரா? கெட்ட எண்ணம் புடிச்சவன்தான் மொதல்ல படிப்பான்.”

“அப்ப சும்மா இருக்கறதா?”

“சும்மா இருந்தாலும் படிப்பான்டி. புக்கு கடையிலயே கெடக்குதே.”

இதற்கும் உன் புத்தகங்களில் ஒரு அத்தியாயம் இருந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்தால் முதலில் உரியவரிடம் சொல், அடைக்க அவகாசம் கொடு, அதற்குப் பிறகு ஊருக்குச் சொல். அதை எழுதினவர் நம் ஊர் முதலாளிகளைப் பார்த்ததில்லை என்றேன். அதற்கு நீ வாய்விட்டுச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்துப் பார்த்தது அதுதான் கடைசி.

இரண்டாம் பதிப்புக்கு உட்கார்ந்தாய். எச்சரிக்கையைப் பக்கத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் போட்டாய். பாஸ்வேர்டு இருந்த கட்டத்தைக் காலியாக விட்டாய். “வேணுங்கறவன் யோசிச்சு நெரப்பிக்கட்டும்” என்றாய். அதை முடிப்பதற்குள் ஒரு நாள், யாரோ ஒரு முதலாளியைப் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து இழுத்து நீ கேட்டது உன் உடம்பைப் பற்றி இல்லை. “இங்க கம்ப்யூட்டரு யாருடி போட்டது?” என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நீ இல்லை.

உன் தம்பி வந்து வீட்டைக் காலி செய்தபோது புத்தகங்களை எனக்கு அனுப்பிவிட்டார். உன்னைத் தேடி ஃபோன் பண்ணுகிறவர்களுக்கு என் நம்பரையே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். உன் செங்கல்கள் இப்போது என் பீரோவுக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி நிற்கின்றன. நியூஸ் பேப்பர் அட்டைகளைப் பூச்சி அரிக்கிறது. மண்ணைப் பிசைந்த கையால் அகராதியைப் புரட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறேன். நீ சொன்னது சரிதான், மனுஷர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. நீ இருந்திருந்தால் இதை உன்னிடம் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

கயல் செராமிக் படித்து முடித்தாள். உள்ளூரிலேயே வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? தினேஷ் இருக்கிற அதே கம்பெனியில், சூளையின் கண்ட்ரோல் ரூமில். சேருவதற்கு முன்னால் தினேஷைத்தான் கூப்பிட்டுக் கேட்டேன். “மேடம் வந்து சொன்ன மறுநாளே மாத்திட்டேங்க” என்றான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கயலைப் பழமலைநாதர் கோயிலுக்கு அழைத்துப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வேலைக்கு அனுப்பினேன்.

தினேஷ் பொய் சொல்லவில்லை. மாற்றத்தான் மாற்றினான். ஏதோ கல்யாண வீட்டிலிருந்து ஃபோனில் சூளையைப் பார்க்க முயன்ற முதலாளிக்குப் புதுசு ஞாபகம் வரவில்லை. நாலு பேர் முன்னால் அசிங்கமாகிவிட்டது. கத்தினார். தினேஷ் பயந்துபோய்ப் பழசையே திரும்பப் போட்டுவிட்டான். மாற்றினதைச் சொன்ன பிள்ளை, திரும்பப் போட்டதைச் சொல்லவில்லை; பிறகு கயல் கேட்டபோதுதான் ஒத்துக்கொண்டான்.

கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் கோளாறு ஆரம்பித்தது. ஒரு நாள் கயல் வேலையிலிருந்து வந்து சாப்பிடும்போது சொன்னாள்.

“அம்மா, சூளைக்கு வச்சிருந்த சூடு தானா ஏறியிருந்துதும்மா. கொஞ்சம்தான். அப்புறம் தானா எறங்கிடுச்சு.”

சூட்டை அளக்கிற கம்பி பழசாகியிருக்கும் என்றான் தினேஷ். கயல் நம்பவில்லை. என் மகள் இல்லையா, மண் கூம்பு வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கூம்பும் அதற்கென்று உள்ள சூட்டில்தான் வளையும். திரையில் எந்த எண் வேண்டுமானாலும் தெரியட்டும், எங்கோ உட்கார்ந்திருக்கிறவனால் கூம்பை நிமிர்த்தி வைக்க முடியாது. வளையக்கூடாத கூம்பு தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தது. வாஷ்பேசின்கள் உதடு தொங்கிப்போய் வந்தன. அடுத்த வாரம் காற்று விசிறி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் தானாகவே ஓடியது.

“யாரோ சுவிட்சை ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கறாங்கம்மா” என்றாள். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

காற்று நின்று கேஸ் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் சூளை என்ன ஆகும் என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துகிறவள் நான். எரியாத கேஸ் உள்ளே சேரும். சேர்ந்தது மொத்தமாகப் பற்றும். அப்படி ஆகாமல் தடுக்கிற ஏற்பாடும் தினேஷின் புரோகிராமுக்குள்தான் இருக்கிறது. அதாவது உன் புரோகிராமுக்குள். உன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளையின் பெயரை ஏன் வைத்தாய் என்று உன் புத்தகங்களைப் பார்த்துக் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

வேலையை விட்டுவிடு என்று கயலிடம் சொன்னேன்.

“நான் வந்துட்டா உள்ள இருக்கறவங்க? வண்டி தள்றவங்க, மெருகு பூசற அக்காங்க?”

அவளும் தினேஷும் முதலாளியிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னார்கள். “இது வெளிய போச்சுன்னா ஆர்டரு போயிடும். வாயை மூடிக்கிட்டு இருங்க. பாஸ்வேர்டையும் மாத்தாதீங்க. பண்டிகை முடியட்டும், பாத்துக்கலாம்” என்று வைத்துவிட்டாராம். கயல் தன் நாற்காலியைத் திரைக்கு முன்னாலிருந்து எடுத்து, கேஸ் குழாயில் கையால் திருகி மூடுகிற வால்வுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கேட்டால் அங்கே காற்று வருகிறது என்றாள்.

இன்று காலை ஜெராக்ஸ் கடையிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக அவளுக்குத்தான் ஃபோன் செய்தேன். புத்தகம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது, இனிமேல் யார் சொல்லுக்கும் காத்திருக்க வேண்டாம், வேலை போனால் போகட்டும், இன்றைக்கே மாற்றிவிடு என்றேன். “சரிம்மா. தினேஷண்ணன் மத்தியானம் டூட்டிக்கு வந்ததும் ரெண்டு பேருமா மாத்திடறோம்” என்றாள்.

மத்தியான வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அவளிடமிருந்து ஃபோன்.

“அம்மா, பாஸ்வேர்டு மாறிடுச்சு.”

“அப்பாடா” என்றேன்.

“நாங்க மாத்தலம்மா.”

நீ ஊர் ஊராகப் போய்க் கெஞ்சியதை எவனோ ஒருவன் செய்து முடித்துவிட்டான்.

“நெட்டு ஒயரைப் புடுங்கு கயலு.”

“புடுங்கிட்டேன்மா. ஆனா உள்ள என்ன சொல்லி வச்சிருக்காங்கன்னு தெரியல. எதுவும் எங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”

அங்கிருந்து அவள் பேசுகிறபோதெல்லாம் பின்னால் சூளை விசிறிச் சத்தம் இரைந்துகொண்டே இருக்கும். அது இல்லாமல் ஃபோனில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. அந்தச் சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. “வால்வை மூடு” என்றேன். “மூடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன், பேசாத” என்றாள். பிறகு தினேஷ் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்துவது கேட்டது. ஃபோன் கட்டாகிவிட்டது.

ஆட்டோவில் போன அந்தத் தூரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கம்பெனி வாசலில் வேப்ப மரத்தடியில் எல்லாரும் நின்றிருந்தார்கள். கயல் ஒரு மண் மூட்டைமேல் உட்கார்ந்து உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தாள். வால்வு சுட்டதில் தோல் உரிந்திருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுததில் மெருகு பூசுகிற பெண்களும் அழுதுவிட்டார்கள். வருஷக்கணக்காக எரிந்த சூளை உள்ளே குளிர ஆரம்பித்து, செங்கல்கள் ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. அந்தச் செங்கலுக்காகத்தான் முதலாளி தினேஷின் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். கயல் அதை வாங்கி, “சூளையை நான்தான் சார் நிறுத்தினேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. உன் அத்தியாயத்தில் சொன்ன அவகாசம் முடிந்துவிட்டது. உன் புத்தகத்தின் பெயரையும் என் மகளின் பெயரையும் போட்டு நாளைக்குப் பேப்பரில் வரச் செய்யப்போகிறேன். கயலே சரி என்று சொல்லிவிட்டாள். போலீஸிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதி வாங்கிக்கொண்டவர் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டார். சொன்னதும் ஒரு கணம் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவருடைய ஸ்டேஷனில் என்ன பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

உன் வேலை இப்போது என் தலையில். உனக்கு வரவேண்டிய ஃபோன்களெல்லாம் எனக்குத்தான் வருகின்றன. உன் மாணவர்களின் குரலை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு வருகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கயலின் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவன் கூப்பிட்டான். ஐஸ் கம்பெனியில் இருக்கிறானாம். உனக்குச் சொல்லவேண்டியதில்லை, ஐஸ் கம்பெனிக் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. ஒரு தெருவையே மூச்சுமுட்ட வைத்துவிடும்.

“மேடம், நம்ம பாலிடெக்னிக்ல படிச்ச பையன் மேடம். மெஷினுக்குள்ள போக முடியல. பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குது. நம்ம மேடம் புது புக்குல வேற ஏதாச்சும் போட்டிருக்காங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

அங்கேயும் எவனோ மாற்றிவிட்டிருந்தான்; இருந்தவர்கள் எல்லாரும் சரியான நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் என் காதை விட்டுப் போகாமல் நிற்பது அவன் அதற்கு முன்னால் சொன்னது. எல்லாரையும் வெளியே போகச் சொல்வதற்காக, “தம்பி, நான் சொல்றதை அப்படியே செய்யி” என்றுதான் ஆரம்பித்தேன்.

“ஒரு நிமிஷம் மேடம், பேனா எடுத்துக்கறேன்” என்றான்.